காற்றுக்கும் வாடகை உண்டு: பார்சல் பில்லில் ஒரு கன அளவுப் பாடம்

ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் ‘அளவியல்’ இயலில் கனச்செவ்வகம், கனச்சதுரம் ஆகியவற்றின் கன அளவு வருகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கத் தெரிந்தால் போதும். எளிது என்பதாலேயே மாணவர்கள் இதை விரைவில் கற்று, அதைவிட விரைவில் மறந்துவிடுகிறார்கள். தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும், சுவருக்கு எத்தனை செங்கல் வேண்டும் என்ற வழக்கமான கணக்குகளைப் போட்டு முடித்த பிறகு, இந்தச் சூத்திரம் நேரடியாக வீட்டுப் பணத்தைத் தொடும் ஓர் இடத்துக்கு வகுப்பை அழைத்துச் செல்கிறேன். அந்த இடம் பார்சல் ஆபீஸ்.

நான் பணியாற்றுவது கரூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில். வீட்டு உபயோகத் துணிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் இது. திரைச்சீலை, மேசைவிரிப்பு, தலையணை உறை, குஷன் என்று தைத்து, கைபேசி வழியாகவும் இணைய விற்பனைத் தளங்கள் வழியாகவும் விற்கும் குடும்பங்கள் எங்கள் வகுப்புகளில் ஒவ்வோர் ஆண்டும் சில இருக்கின்றன. அப்பா தறிக்கோ கம்பெனிக்கோ போக, அம்மா வீட்டில் இரண்டு மிஷின் போட்டுத் தைக்கிறார். பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து பெட்டியில் டேப் ஒட்டுகிறார்கள். இவர்களுக்கு லாபம் போகிற வழி பெரும்பாலும் துணி விலையிலோ தையல் கூலியிலோ இல்லை. பொருளை அனுப்பும் செலவில் இருக்கிறது. ஒரு தாய் பள்ளிக்கு வந்திருந்தபோது கையில் இருந்த பில்லைக் காட்டி, “ஏனுங்க டீச்சர், பெட்டி எடை எட்டுக் கிலோதானுங்க. இவங்க இருபது கிலோன்னு போட்டிருக்காங்களே, இது சரிங்களா?” என்று கேட்டார். ஏமாற்றுகிறார்கள் என்றே அவர் நினைத்திருந்தார். பில் சரியாகத்தான் இருந்தது. அதை விளக்க எனக்குத் தேவைப்பட்டது ஒன்பதாம் வகுப்புப் பாடம் மட்டுமே.

லாரிக்காரரோ கூரியர் நிறுவனமோ விற்பது இரண்டு பொருள்கள். ஒன்று, வண்டி தாங்கும் எடை. மற்றொன்று, வண்டிக்குள் இருக்கும் இடம். இரும்பு ஏற்றினால் இடம் மீதி இருக்கும்போதே எடை முடிந்துவிடும். பஞ்சு ஏற்றினால் எடை மீதி இருக்கும்போதே இடம் முடிந்துவிடும். ஆகவே தராசு காட்டும் எடை, பெட்டி அடைக்கும் இடத்துக்கு ஈடாகக் கணக்கிடும் எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். இரண்டாவதைக் கன அளவு எடை என்று வகுப்பில் சொல்கிறேன். கூரியர்களில் பரவலாக உள்ள முறைப்படி, செ.மீ. அளவுகள் மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுக்க வேண்டும். 

அந்தத் தாயின் பெட்டி 60 × 40 × 40 செ.மீ. பெருக்கினால் 96,000 கன செ.மீ. 5000-ஆல் வகுத்தால் 19.2 கிலோ. அடுத்த முழு கிலோவுக்கு உயர்த்தினால் 20. உள்ளே இருந்ததோ 8 கிலோ குஷன். மீதி 12 கிலோவுக்கான கட்டணம் குஷனுக்குள்ளும் பெட்டிக்குள்ளும் இருந்த காற்றுக்கு.

5000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் மாணவர் எப்படியும் ஒருவர் இருப்பார். அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒரு கன மீட்டரில் 10,00,000 கன செ.மீ. உள்ளன. 5000-ஆல் வகுத்தால் 200. அதாவது, ஒரு கன மீட்டர் இடத்தை எடுத்துக்கொள்கிறவர் குறைந்தது 200 கிலோவுக்குப் பணம் தர வேண்டும் என்பதே இந்த எண்ணின் பொருள். நம் பெட்டியின் அடர்த்தி என்ன? 8 கிலோவை 0.096 கன மீட்டரால் வகுத்தால் ஏறக்குறைய 83. இருநூறைவிட மிகக் குறைவு என்பதால் இது ‘இடப் பெட்டி’. அதே பெட்டியில் மடித்த மேசைவிரிப்பை அடைத்து 25 கிலோ வந்தால் அது ‘எடைப் பெட்டி’. அறிவியல் பாடத்தின் அடர்த்தியும் கணிதப் பாடத்தின் கன அளவும் ஒரே பில்லில் சந்திக்கும் இடம் இது. இயற்பியல் ஆசிரியரையும் அழைத்து ஒரு பாடவேளையைச் சேர்ந்து எடுக்கலாம்.

லாரி பார்சல் ஆபீஸ்களில் கணக்கு வேறு விதமாக இருக்கும். அங்கே அங்குலத்தில் அளந்து, பெருக்கி, 1728-ஆல் வகுத்துக் கன அடி ஆக்குவார்கள். 12 × 12 × 12 = 1728 என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். பிறகு ஒரு கன அடிக்கு 6 கிலோ, 8 கிலோ, 10 கிலோ என்று அந்தந்த நிறுவனம் ஓர் எண்ணை வைத்திருக்கும். விற்பவர்கள் பெரும்பாலும் கேட்பது “கிலோவுக்கு எவ்வளவு?” என்ற ஒரே கேள்வியைத்தான். அது போதாது என்பதைக் காட்ட இந்தக் கணக்கைக் கொடுக்கிறேன். கட்டண எண்கள் வகுப்புக்காக நான் வைத்துக்கொண்டவை.

முதல் ஆபீஸில் கிலோவுக்கு 8 ரூபாய், கன அடிக்கு 10 கிலோ. இரண்டாவது ஆபீஸில் கிலோவுக்கு 11 ரூபாய், கன அடிக்கு 6 கிலோ. நம் பெட்டி 3.39 கன அடி. முதல் ஆபீஸில் 33.9 கிலோவுக்கு 271 ரூபாய். இரண்டாவதில் 20.34 கிலோவுக்கு 224 ரூபாய். கிலோவுக்கு மூன்று ரூபாய் அதிகம் கேட்டவரிடம் ஒரு பெட்டிக்கு 47 ரூபாய் மிச்சம். வகுப்பில் விடை வந்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசமாட்டார்கள். பிறகு எல்லாரும் ஒன்றாகப் பேசுவார்கள். கனமான பொருளுக்கு இதே கணக்கைப் போட்டால் முதல் ஆபீஸே மலிவு என்று வரும். எந்தப் பொருளுக்கு எந்த ஆபீஸ் என்பதை அவர்களே அட்டவணை போட்டுச் சொல்லட்டும்.

முழுமையாக்கலும் இங்கே பணமாகிறது. 60 செ.மீ. என்பது 23.6 அங்குலம், 40 செ.மீ. என்பது 15.7 அங்குலம். அளப்பவர் ஒவ்வொரு பக்கத்தையும் அடுத்த முழு அங்குலத்துக்கு உயர்த்தி 24 × 16 × 16 என்று எழுதினால் 3.56 கன அடி ஆகிவிடுகிறது. பக்கத்துக்குப் பக்கம் அரை அங்குலத்துக்கும் குறைவாகத்தான் ஏறியது. கன அளவு ஏறியதோ ஏறக்குறைய 5 சதவீதம். பெட்டியின் மூடி புடைத்து உயரம் 42 ஆகிவிட்டாலும் இதே கதைதான். 19.2 கிலோ 20.16 ஆகி, பில்லில் 21 என்று விழும். பெட்டியை நிரப்பித் திணிக்காமல் தட்டையாக மூட வேண்டும் என்று வீட்டில் சொல்லும் மாணவருக்கு இனி காரணமும் சொல்லத் தெரியும்.

பேலட்டில் ஐந்தா, நான்கா?

இதுவரை சொன்னது ஒற்றைப் பெட்டியின் கணக்கு. வியாபாரம் கொஞ்சம் வளர்ந்தால், விற்பனைத் தளத்தின் பெரிய கிடங்குக்கு மொத்தமாகச் சரக்கை அனுப்பி வைக்கச் சொல்வார்கள். அங்கே பெட்டிகளைப் பேலட் மீது அடுக்கிக் கட்டி அனுப்பும் வழக்கம் உண்டு. பேலட் என்பது அடியில் இடைவெளி விட்டுப் பலகை அடித்த மரத்தட்டு; ஃபோர்க்லிஃப்ட் தன் இரண்டு கரங்களை அந்த இடைவெளியில் நுழைத்து மொத்தத்தையும் தூக்கிவிடும். மில்களிலும் உரக் கிடங்குகளிலும் மாணவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். நம் நாட்டில் அதிகம் புழங்கும் அளவு 1200 × 1000 மி.மீ. ஐரோப்பாவில் 1200 × 800. அமெரிக்காவில் 48 × 40 அங்குலம்.

இந்தப் பாடத்தில் என் வகுப்புக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். செலவு ஒன்றும் இல்லை. பழைய நாட்காட்டி அட்டையில் 12 × 10 செ.மீ. செவ்வகம் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள், அது பேலட். 6 × 4 செ.மீ. துண்டுகள் சில வெட்டுங்கள். அவை 60 × 40 பெட்டிகள். 5 × 4.5 செ.மீ. துண்டுகள் சில, அவை 50 × 45 பெட்டிகள். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், வெளியே நீட்டாமல், ஓர் அடுக்கில் எத்தனை வைக்கலாம் என்று கேளுங்கள்.

பரப்பளவை வகுத்துப் பார்க்கும் மாணவர்கள் உடனே விடை சொல்வார்கள். 12,000-ஐ 2,400-ஆல் வகுத்தால் 5. 12,000-ஐ 2,250-ஆல் வகுத்தால் 5.33, ஆகவே அதிலும் 5. கையால் வைத்துப் பார்ப்பவர்களுக்குத்தான் சிக்கல் தெரியும். 60 × 40 பெட்டிகளை ஒரே திசையில் அடுக்கினால் நான்குதான் நிற்கும். மூன்று பெட்டிகளை நாற்பது பக்கம் ஒட்டி வரிசையாக வைத்தால் 120 நிறைகிறது, ஆழம் 60. மீதியுள்ள 40 செ.மீ. பட்டையில் இரண்டு பெட்டிகளைத் திருப்பி அறுபது பக்கமாக வைத்தால் மறுபடியும் 120. ஐந்து பெட்டிகள், ஒரு செ.மீ. கூட வீணில்லை. இதைக் கண்டுபிடிக்க என் வகுப்பில் பத்து நிமிடம் ஆகும். முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்குபவராக இருப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

50 × 45 பெட்டியோ சிறியது. ஆனால் எப்படி வைத்தாலும் நான்குக்கு மேல் நிற்காது. ஏன் என்று நிறுவ அழகான ஒரு வழி உண்டு. பேலட் படத்தில் 120 பக்கத்தில் 40, 80 என்ற இடங்களிலும், 100 பக்கத்தில் 40, 80 என்ற இடங்களிலும் கோடுகள் வரையுங்கள். அவை வெட்டும் நான்கு புள்ளிகளைக் குறியுங்கள். பெட்டியின் குறுகிய பக்கமே 45 என்பதால், பக்கங்களுக்கு இணையாக அதை எங்கே வைத்தாலும் ஒரு புள்ளியாவது அதன் அடியில் மறையும். புள்ளிகள் நான்குதான், பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது, ஆகவே நான்குக்கு மேல் வழியில்லை. பத்தாம் வகுப்பு மாணவர்களும் இந்த நிரூபணத்தை ரசிப்பார்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். 40 செ.மீ. உயரப் பெட்டிகளை மூன்று அடுக்கு வைத்தால் 120. பேலட் உயரம் 15 சேர்த்தால் 135. மொத்தக் கன அளவு 120 × 100 × 135 = 16,20,000 கன செ.மீ. 5000-ஆல் வகுத்தால் 324 கிலோ. இந்த 324 கிலோ, மேலே பதினைந்து பெட்டி இருந்தாலும் பன்னிரண்டு இருந்தாலும் மாறாது. 60 × 40 பெட்டியில் பதினைந்து நிற்பதால் ஒன்றுக்கு 21.6 கிலோ. 50 × 45 பெட்டியில் பன்னிரண்டுதான் என்பதால் ஒன்றுக்கு 27 கிலோ. கடையில் கிடைத்த பெட்டியை வாங்குவதற்கும், பேலட்டுக்குப் பொருந்தும் பெட்டியைக் கேட்டு வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு இது. 16 அங்குல குஷனுக்கு 60 × 40 × 40 பெட்டி இயல்பாகவே பொருந்துகிறது என்பது கூடுதல் வசதி.

மரத்தட்டு மட்டும் தனியாக எவ்வளவு? 120 × 100 × 15-ஐ 5000-ஆல் வகுத்தால் 36 கிலோ. அதாவது ஒரு பெட்டி குஷனும் ஏற்றாமலே 36 கிலோவுக்குக் கட்டணம் ஏறிவிடுகிறது. அதே பதினைந்து பெட்டிகளைத் தட்டில்லாமல் அனுப்பினால் 288 கிலோதான். பிறகு எதற்காகப் பேலட் என்றால், பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எறிவதில்லை, எண்ணிக்கை குறைவதில்லை, நசுங்குவதும் குறைவு, இறக்குவது சில நிமிட வேலை. இரண்டு முனையிலும் தூக்கும் கருவி இருந்தால்தான் இந்தப் பயன் கிடைக்கும். வீட்டு வாசலில் நான்கு பேர் கைதூக்கி ஏற்ற வேண்டிய இடத்தில் பேலட் வீண்செலவு என்பதே என் கருத்து. பெரிய கிடங்கு கேட்டால் மட்டும் போடலாம். போடும்போது பெட்டி ஓரம் தட்டுக்கு வெளியே நீட்டக்கூடாது. அட்டைப்பெட்டியின் வலு அதன் நான்கு மூலைகளில் இருக்கிறது. மூலைக்கு நேராக மூலை வந்தால் அதிகச் சுமை தாங்கும். செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி அடுக்கினால் சரியாமல் நிற்கும்; ஆனால் தாங்குதிறன் குறையும். நம் ஐந்து பெட்டி அடுக்கை எல்லா அடுக்கிலும் ஒரே திசையில் வைத்து, சுற்றிலும் பிளாஸ்டிக் தாள் இறுக்கிச் சுற்றுவது இரண்டுக்கும் நடுவழி.

எப்போது தனி வண்டி?

அடுத்த பாடவேளை நேர்கோட்டுச் சமன்பாட்டுக்கு. பார்சல் ஆபீஸில் பில் ஒன்றுக்கு 150 ரூபாய் நிலையான கட்டணம், கிலோவுக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தனியாக ஒரு குட்டியானை பேசினால் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது ஏறும் கோடு. இரண்டாவது படுத்த கோடு. 150 + 10x = 6000 என்றால் x = 585 கிலோ. பெட்டிக்கு 20 கிலோ வீதம் 29.25, அதாவது முப்பதாவது பெட்டியிலிருந்து தனி வண்டி மலிவு. வரைபடத்தாளில் இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளிக்கு இங்கே ஒரு பொருள் இருக்கிறது.

முப்பது பெட்டி வண்டியில் பிடிக்குமா என்பது அடுத்த கேள்வி. பள்ளிக்கு வந்த குட்டியானையை மாணவர்கள் அளந்தார்கள்: தளம் 220 செ.மீ. நீளம், 149 செ.மீ. அகலம். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது பெட்டிகள். மீதியுள்ள 40 செ.மீ. பட்டையில் திருப்பி வைத்தால் இரண்டு. ஓர் அடுக்கில் பதினொன்று. மூன்று அடுக்கு வைத்துக் கயிறு கட்டினால் 33. உண்மையான எடை 264 கிலோ. வண்டியோ ஏறக்குறைய முக்கால் டன் தாங்கக்கூடியது. இடம் முடிந்துவிட்டது, எடையில் பாதிக்கு மேல் மீதி. முதல் பாடவேளையில் சொன்ன இரண்டு பொருள்கள் மறுபடியும் கண்முன்னே வருகின்றன.

ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் 33 பெட்டி சேராது. மூன்று வீடுகள் பதினொன்று வீதம் சேர்ந்தால்? தனித்தனியாக அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் 2,350 ரூபாய், மொத்தம் 7,050. சேர்ந்து வண்டி பேசினால் 6,000, வீட்டுக்கு 2,000. ஆளுக்கு 350 ரூபாய் மிச்சம், ஆளுக்கு ஓர் அடுக்கு. கடைசியில் இறக்க வேண்டியதை முதலில் ஏற்ற வேண்டும் என்பதை வாய்பாடுபோலச் சொல்லிவிடலாம். சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டி நம் ஊர் வழியாகப் போனால் அந்த 6,000 இன்னும் குறையும். அது பேசித் தீர்க்கும் விஷயம், சூத்திரத்தில் வராது.

காற்றையே குறைக்கும் வழிகளையும் மாணவர்கள் சொல்வார்கள். குஷனை உறையில் போட்டுக் காற்றை உறிஞ்சினால் உயரம் 40 பாதியாகும்; 19.2 கிலோ 9.6 ஆகும். நார்ப்பஞ்சு மீண்டும் உப்பிக்கொள்ளும்; ஆனால் மாதக்கணக்கில் அமுக்கியே கிடந்தால் பழைய உப்பல் வராது. கிடங்கில் நெடுநாள் கிடக்கும் சரக்குக்கு இது ஏற்றதல்ல. பஞ்சே இல்லாமல் உறையை மட்டும் விற்பது இன்னொரு வழி. எங்கள் பகுதியில் பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

பில்லின் மற்ற வரிகளும் படிக்கத் தகுந்தவை. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. விதிப்படி இ-வே பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு இந்த வரம்பு 1 லட்சம். சாதாரணச் சரக்குக்கு ஒவ்வொரு 200 கி.மீ.க்கும் அதன் பகுதிக்கும் ஒரு நாள் செல்லுபடி. 430 கி.மீ.க்கு எத்தனை நாள் என்று கேட்டால் 2.15 என்று எழுதுபவர்களுக்கு, மூன்று என்பதை ஏன் எழுத வேண்டும் என்று விளக்க நல்ல வாய்ப்பு.

அதைவிட முக்கியமானது சரக்கின் மதிப்பை எழுதும் கட்டம். அதைக் காலியாக விட்டுவிடுகிறவர்கள் பலர். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் 2011-இல் வந்த அதன் விதிகளும், சரக்கு தொலைந்தாலோ சேதமடைந்தாலோ பொதுப் போக்குவரத்தாளரின் பொறுப்புக்கு ஒரு வரம்பு வைத்திருக்கின்றன: கட்டணத்தைப் போல் பத்து மடங்கு. அனுப்புபவர் கூடுதல் மதிப்பை எழுதிக் கொடுத்து, அதற்கான கூடுதல் கட்டணத்தையும் செலுத்தியிருந்தால் மட்டுமே அதற்கு மேல் கேட்க முடியும். 224 ரூபாய் கட்டிய பெட்டிக்கு 2,240 ரூபாய். உள்ளே 6,000 ரூபாய்க்கு குஷன் இருந்தால் 3,760 ரூபாய் கைவிட்டுப் போகும். சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்தில் கோர வேண்டும் என்பதையும் மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். மேல்நிலைப் பள்ளிகளில் வணிகவியல் ஆசிரியர்கள் இந்தப் பகுதியை என்னைவிட நன்றாக எடுப்பார்கள். பதினோராம் வகுப்பில் போக்குவரத்து பற்றிய பாடமே இருக்கிறது.

இதை எடுக்க நினைக்கும் ஆசிரியர்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒரு குடும்பத்தின் பில்லை அப்படியே வகுப்பில் காட்டாதீர்கள். பெயரையும் தொகையையும் மறைத்து, அளவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் என்ன வருமானம் என்பது நாற்பது பிள்ளைகள் முன் பேசும் பொருளல்ல. மற்றொன்று, பெட்டி கட்டுவதற்காகப் பிள்ளை பள்ளிக்கு வராமல் நிற்பதை இந்தப் பாடம் நியாயப்படுத்திவிடக் கூடாது. அதைப் பெற்றோரிடம் நான் நேராகவே சொல்லிவிடுகிறேன். “கணக்குப் போட்டுக் கொடுப்பாள், பெட்டி தூக்க நாளைக்கு அனுப்ப மாட்டேன்” என்று சொன்னதற்கு அந்தத் தாய் சிரித்தார். அடுத்த மாதம் அளவுநாடா ஒன்றும், மூன்று பெட்டிக்கடைகளின் அளவுப் பட்டியலும் மகளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். எந்தப் பெட்டி பேலட்டில் ஐந்து நிற்கும் என்று வகுப்பே உட்கார்ந்து பார்த்தது. பட்டியலில் இருந்த ஒன்பது அளவுகளில் இரண்டுதான் தேறின.